வெள்ளிக்கிழமை ஏற்றம்

மயில்சாமிக்குக் கை சுளுக்கியிருந்ததால், அந்த வெள்ளிக்கிழமை மனைவி கோகிலாதான் கார் ஓட்ட உட்கார்ந்தாள். வாராவாரம் அவர் தனியாகப் போய்வரும் காரமடைச் சந்தைக்குத்தான் பயணம். கிளம்புமுன் கார் பேசியது.

"வழக்கமான கோத்தகிரி ஏற்றம். மலையில் பேட்டரி திணறாமல் இருக்கக் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்கிறேன்."

"எந்த ஏத்தமுங்க? சந்தைக்குப் போற வழி சமதரையாச்சே."

மயில்சாமி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வழியை ஒவ்வொரு முறையும் காரின் வரைபடத்திலிருந்து அழித்துவிடுவார். பேட்டரியைக் காப்பாற்ற, ஏறிய மலைகளைக் கார் தனியாக நினைவில் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது.

கோத்தகிரியில்தான் மகள் யாழினி இருக்கிறாள். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளைத் தலைமுழுகியவர் மயில்சாமி. அன்றைக்கு அழுதுகொண்டு நின்ற கோகிலாவின் தலையிலும் அவரே தண்ணீரை ஊற்றினார். அதற்குப்பின் அந்த வீட்டில் யாரும் மகள் பேரை எடுத்ததில்லை.

கோகிலா காரைக் கிளப்பாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"கொழந்த இருக்குதுங்களா?"

"பையன். நல்லா நடக்கறான்."

"அம்மா ஏன் வரலைன்னு அவ கேட்டிருப்பாளே. என்னங்க சொன்னீங்க?"

கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டதாகக் கார் சொன்னது. மயில்சாமி சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"உனக்குத்தான் இன்னும் கோவம் தீரலைன்னு சொல்லிப்போட்டேன்."