பிள்ளைபிடிகாரி

"இந்தப் பிள்ளைபிடிகாரிதானோ நான் சொல்லுறதை இங்கிலிஷில சொல்லப்போறா?" என்று கேட்டுக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் பியற்றிஸ்.

தாய் என்ன சொல்கிறார் என்று தலைமை ஆசிரியை கேட்டாள்.

வணக்கம் சொல்கிறார் என்றாள் தவமலர்.

வேறு என்னத்தைச் சொல்ல? லண்டன் டூட்டிங்கில் இந்தப் பட்டம் அவளுக்குப் புதிதில்லை. போன மாதம் இறைச்சிக் கடையில், கோழி வெட்டுகிறவன் கத்தியை ஓங்கியபடி கேட்டுக்கொண்டு நிற்க, "வெள்ளைக்காரனுக்குப் பிள்ளை பிடிச்சுக் குடுக்கிறவள்" என்று சத்தமாகச் சொன்னவளும் இதே பியற்றிஸ்தான். அதற்குப் பிறகு பஸ் தரிப்பில் தவமலரைக் கண்டால் சனம் பிள்ளைகளைக் கிட்ட இழுத்துக்கொள்கிறது.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய வேலை, அடங்காத பிள்ளைகளோடு கூடவே இருப்பது. அடிக்கக் கூடாது. அதட்டக் கூடாது. கடித்தால்கூடக் கையை உதறாமல் மெல்ல எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். பியற்றிஸின் மகள் ஜெனிற்றா அப்படி நிறையக் கடித்திருக்கிறாள். இருந்தும் அந்தச் சனியனில் தவமலருக்குக் கொள்ளை ஆசை. கடிப்பதை மறக்கடித்ததும் அவள்தான்.

இன்றைக்குப் பிரச்சினை கடி அல்ல.

ஜெனிற்றாவின் கெண்டைக்காலில் நீலமாகக் கன்றிய அடையாளம். மதிலால் விழுந்தேன் என்கிறது பிள்ளை. அது உண்மை. அந்த மதிலிலிருந்து அவளை எத்தனை தரம் இழுத்து இறக்கியிருக்கிறாள் தவமலர்! கவுன்சிலிலிருந்து வந்திருந்த சோஷல் வேர்க்கருக்கும் அதைச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குத் தாயின் வாயால் கேட்க வேண்டுமாம். வீட்டில் அடி விழுகிறது என்று பட்டால் போதும், பிள்ளையை இன்றே வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

பியற்றிஸுக்கு இதெல்லாம் தெரியாது. மகளைப் பள்ளிக்கூடத்தால் கலைத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மகள் குழப்படி செய்தால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று சோஷல் வேர்க்கர் கேட்டாள். தவமலர் அதைத் தமிழில் சொன்னாள்.

பியற்றிஸ் பதிலைத் தவமலரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"உனக்கு ஒண்டும் வயித்தில தங்கேல்ல. அதுதான் என்ரை பிள்ளையில கண். பெத்துப்போட்டு வந்து என்னட்டைக் கேள்."

தவமலருக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. மேசையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகலாமா என்று இருந்தது. இரண்டு வெள்ளைக்காரிகளும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மகளை மடியில் இருத்தி, பொறுமையாக எடுத்துச் சொல்வாராம் என்றாள்.

சோஷல் வேர்க்கரின் முகம் இளகியது. தலையசைத்தாள். பேனையை மூடிக் கைப்பைக்குள் போட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. பிள்ளை தப்பிவிட்டது.

பியற்றிஸுக்கு அந்தப் பேனையை மூடிய விதம்தான் தெரிந்தது. கலைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கண்கள் குளமாகின. எழுந்து போய்த் தலைமை ஆசிரியையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் நெருப்பைக் கக்கிய வாயா இது என்று இருந்தது.

"ரீச்சர், கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ. இனி இவள் உங்கடை பிள்ளை."

ஊரில் ஒரு தாய் ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. தவமலரைப் பள்ளிக்கூடத்தில் விட்ட அன்றைக்கு அவளுடைய அம்மா சொன்னதும் இதுதான். யாரும் யாருடைய தோலையும் உரித்ததில்லை. உங்களை முழுதாக நம்புகிறேன் என்பதுதான் அதன் பொருள்.

இரண்டு பேரும் தவமலரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்களை நம்புகிறாராம். அவ்வளவு சொன்னால் போதும். காலையிலிருந்து இவளுக்காக எத்தனை பொய் சொன்னாயிற்று, இது உண்மை, இதைச் சொல்ல என்ன கஷ்டம்? சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

வயிறு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு முதல் தடவையாக, பியற்றிஸ் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே இங்கிலிஷில் சொன்னாள். தோலை உரிக்கச் சொல்கிறார். கண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்கிறார். இனிமேல் பிள்ளை உங்களுடையது என்கிறார்.

கண், பிள்ளை. இந்த இரண்டு சொல்லுக்கும் பியற்றிஸுக்கு இங்கிலிஷ் தெரியும். அவை காதில் விழுந்ததும் ஆமோதித்துப் பலமாகத் தலையாட்டினாள்.

தலைமை ஆசிரியை தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

இதேதானா சொன்னார் என்று சோஷல் வேர்க்கர் கேட்டாள். சொல்லுக்குச் சொல் இதேதான் என்றாள் தவமலர். எந்தச் சாமியின் முன்னாலும் சத்தியம் செய்யக்கூடிய பதில்.

சோஷல் வேர்க்கர் பக்கத்து அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தாலும் அவள் டெலிபோனில் பேசுவது கேட்டது. திரும்பி வந்தவள் உட்காரவில்லை. ஜெனிற்றாவின் கோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள் என்று தலைமை ஆசிரியையிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

கோட் என்ற சொல்லும் பியற்றிஸுக்குத் தெரியும். முகம் மலர்ந்துபோயிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தவமலரின் பக்கம் சாய்ந்து, ஒருநாளும் இல்லாத மரியாதையோடு கேட்டாள்.

"கோட்டோ கேக்கினம் ரீச்சர்? அப்ப பிள்ளையை இண்டைக்கு வேளைக்கே வீட்டுக்கு விடுகினமோ?"

"ஓம்" என்றாள் தவமலர்.