வைக்கோல் படுக்கை

“அம்மா இன்னும் வரலையா சார்?” என்றபடி மொழிபெயர்ப்பாளரின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார் சலூன்காரர்.

“பொண்ணு வீட்டுக்குப் போனவ, அங்கேயே ஒட்டிக்கிட்டா.”

“அப்போ வீட்டுல சார் ராஜ்ஜியம்தான்!”

“ராஜாவும் நானே, சமையலும் நானே.” அவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். “என்னை மாதிரி ஆளுக்கு ஜெர்மன்ல ஒரு பேரு இருக்கு. ஷ்ட்ரோவிட்வர். ஷ்ட்ரோன்னா வைக்கோல். விட்வர்னா பொண்டாட்டி செத்தவன்.”

“வாயைக் கழுவுங்க சார்! அம்மா நல்லா இருக்கும்போது என்ன பேச்சு இது?”

மொழிபெயர்ப்பாளரின் முகம் மலர்ந்தது. “அதனாலதான்யா முன்னால வைக்கோல். நிஜமா செத்துப் போகலை. ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா.”

“வைக்கோல் மாட்டுக்கில்ல வேணும்?”

“அந்தக் காலத்துல அங்கே வைக்கோலைப் பரப்பித்தான் படுப்பாங்க. ஒருத்தர் கிளம்பிட்டா இன்னொருத்தருக்கு அந்தப் படுக்கைதான் மிச்சம். அப்படித்தான் இந்த வார்த்தை வந்திருக்கணும்னு சொல்றாங்க. அதுவும் முதல்ல பொம்பளைக்குத்தான் இந்தப் பேரு. ஆம்பளைக்கு அப்புறம்தான் வந்துது.”

“பேரு வாங்குறதுலகூட நாம பின்னாடிதானா!”

இருவரும் சிரித்தார்கள். கத்தரி நிற்காமல் சத்தமிட்டது.

“ஆள் காத்திருக்காங்க போல. முடிச்சுக்கலாமா?” என்றார் மொழிபெயர்ப்பாளர். ஆனால் எழவில்லை. “வீட்டுக்குப் போகணுமேன்னுதான் யோசனை. அங்கே நான் இருமினா, அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை.”

“அதுக்குள்ள என்ன சார் அவசரம்? காதோரம் பாக்கி இருக்கு. உட்காருங்க. அம்மா வந்து பார்த்தா என்னையில்ல திட்டுவாங்க?”

“திட்டுவா, திட்டுவா. விட மாட்டா.” அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

ஒருவழியாக அவர் கிளம்பிப் போனதும், பெஞ்சில் காத்திருந்தவர் பொரிந்து தள்ளினார்.

“அவர் தலையில வெட்டுறதுக்கு என்னண்ணே இருக்கு? போன வாரமும் பார்த்தேன், இதே கதை, இதே சிரிப்பு. இவ்வளவு நேரமும் உங்க கத்தரி காத்துலதானே ஓடுச்சு! அந்தம்மா எப்போ வந்து, எங்களுக்கு எப்போ விடியுறது?”

சலூன்காரர் துணியை உதறினார். கீழே ஒரு முடிகூட விழவில்லை.

“அந்தம்மாவைத் தூக்கிட்டுப் போன நாலு பேர்ல நானும் ஒருத்தன் தம்பி. நீ வந்து உட்காரு.”