சதுப்புக் காளான்

அப்பாவைப் பார்க்க வந்த மகள் பாத்திரத்தைத் திறந்ததுமே கூடத்தில் கடல் வாடை பரவியது.

"உப்புச் சதுப்புல முளைக்கிற காளானா?" தையல் மெஷினை நிறுத்திவிட்டு அப்பா எழுந்து வந்தார்.

"ஆமாப்பா. மழை விட்டதும் போய்ப் பறிச்சு, நானே வதக்கினேன்."

ஒரு வாய் போட்டு மென்றவர், சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

"உங்கம்மா இருந்தவரைக்கும், மழை விட்டா வீட்ல கால் தரிக்காது. முழங்கால் வரைக்கும் சேத்தோட வந்து நிப்பா. இந்தக் கருமத்துக்கா இவ்வளவு பாடுன்னு நான் கத்துவேன். ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்."

"விடுங்கப்பா. போனதையே நினைச்சு என்ன ஆகப்போகுது?"

அப்பா கடைசித் துண்டுவரை வழித்துச் சாப்பிட்டார். பாத்திரத்தைத் தானே கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்.

"காளானைக் கண்டாலே உனக்கு அருவருப்பு. நீயாவது, வதக்கறதாவது!"

மகள் திருதிருவென விழித்தாள்.

"ஆறிப்போயும் அமிர்தமா இருந்துச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. அன்னிக்குக் கோபத்துல வெளிய போன்னு சொன்னது என் தப்புதான். திரும்பி வருவாளான்னு கேளு."

"வருவாளான்னு தெரியலப்பா. ஆனா, சாப்பிட்டுட்டு நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்கறதுக்காகத் தெருமுனையிலேயே நின்னுட்டிருக்கா."

அப்பா செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார்.