இருபது ஜோடி

"மேடம், உங்களுக்குக் கால் ரெண்டா, நாப்பதா?"

ஸ்டோர் ரூம் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றபடி கேட்டார் ஸ்டோர்கீப்பர். அவருக்குப் பின்னால் நான்கு பெரிய அட்டைப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜோடி சேஃப்டி ஷூ. பெட்டியின் மேல் 'பெண்கள்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது.

தொழிற்சாலையில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். ஒரு நட்டு கேட்டுப் போனால்கூடப் பழைய நட்டைக் காட்டு என்பார். முப்பத்தோரு வருடத்தில் அவர் பொறுப்பில் ஒரு வாஷர்கூட வீணானதில்லை. இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. கெட்ட பெயர் எடுக்காமல் வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அந்த ஆசையில்தான் இப்போது நான்கு பெட்டி மண் விழுந்திருந்தது.

மேடம் அங்கே இருக்கும் ஒரே பெண் மெக்கானிக்கல் இன்ஜினியர். பதினோரு வருடமாக ஆண்கள் ஷூவுக்குள் பழைய துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு பாய்லர் ஏணியில் ஏறி இறங்குகிறவர். "முதல்ல ஷூ வருது, அப்புறம்தான் மேடம் வர்றாங்க" என்று பூட்டே பலமுறை கேலி செய்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்னால் பெண்கள் ஷூ கேட்டு மேடம் ஒரு சீட்டு நீட்டினார். பாவம், கேட்கட்டுமே என்று எண்ணிக்கையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார் பூட்டு. கால் அளவு என்ன என்று ஒரு பெண்பிள்ளையிடம் கேட்கவும் கூச்சம். அதை நீங்களே கடைக்காரரிடம் போனில் சொல்லிவிடுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்.

மேடம் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டுன்னுதானே எழுதினேன். பக்கத்துல இந்தப் பூஜ்யம் எப்படி வந்துச்சுன்னு தெரியலையே அண்ணே."

"அவ்வளவு பெரிய மெஷினுக்கெல்லாம் நூலிழை பிசகாம அளவு எடுக்கறீங்க. கால்ல போடற ஷூவுல கோட்டை விட்டுட்டீங்களே."

பூட்டின் கேலியெல்லாம் வாயோடு சரி. பெட்டிகளைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காலையிலிருந்து மூன்று முறை கெஞ்சியாயிற்று. சொல்லிச் செய்த சரக்கு, திரும்ப எடுக்க வழியே இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அதற்குள் விஷயம் மேனேஜர் காதுக்குப் போய், இருவரையும் கூப்பிட்டு ஆள் வந்துவிட்டது. மேனேஜருக்குத் தொழிற்சாலை வைத்த பெயர் 'சிக்கனம்'. ஒருபக்கம் எழுதிய காகிதத்தின் மறுபக்கமும் தீர்ந்தால்தான் தூக்கிப் போடுவார். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அவருக்குத் தலை சுற்றும். போதாததற்கு, மேடத்தைப் பராமரிப்புத் துறைக்குத் தலைவராக்கும் பரிந்துரை அவர் கையெழுத்துக்காகத்தான் மேஜையில் காத்திருந்தது. போயும் போயும் இந்த நேரத்திலா இந்தப் பெண் இப்படிச் செய்ய வேண்டும் என்று பூட்டுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சிக்கனம் திட்டவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பூட்டுக்கு. சின்னக் கால் உள்ள ஆண்களாகப் பார்த்துக் கொடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். சிக்கனம் குனிந்து, தோணி மாதிரி இருந்த பூட்டின் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பூட்டு கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் டிரெய்னி எடுக்கறோம்ல?" என்றார் சிக்கனம். "இந்தத் தடவை பொண்ணுங்களா எடுத்துடுங்க. எல்லாரும் காலுக்கு ஷூ வாங்குவாங்க. நாம ஷூவுக்குக் கால் எடுப்போம்."

மேடம் தயங்கினார். "திடீர்னு இத்தனை பேரா? சரியா வருமா சார்?"

"வருஷா வருஷம் பொண்ணுங்களை எடுங்கன்னு மனு எழுதி என் உயிரை வாங்கினது யாரு? சரக்கு வீணாப் போற நேரத்துல பின்வாங்கறீங்க?"

"உங்க இஷ்டம் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டார் மேடம்.

வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளியே இருந்து ஆள் வைத்தால் அது வேறு தண்டச்செலவு என்று, மேடத்தின் பரிந்துரையிலும் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டார் சிக்கனம். பேனாவை மூடும்போது, இனிமேலாவது எண்ணிக்கையைக் கவனித்து எழுதுங்கள் என்று இருவருக்கும் பொதுவாக ஒரு புத்திமதி.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதியில் பூட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஸ்டோர் ரூமுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன் பங்குக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டே வந்தார். எழுதியதை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும், ஒரு பூஜ்யம் என்ன பாடு படுத்துகிறது பாருங்கள் என்றார். மேடம் நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அலமாரியில் அடுக்குவதற்காகப் பூட்டு முதல் பெட்டியைப் பிரித்தார். ஐந்து ஜோடியும் மூன்றாம் நம்பர். அடுத்த பெட்டியில் எல்லாம் நான்கு. மூன்றாவதில் ஐந்து. கடைசிப் பெட்டியில் ஆறு.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார். கூச்சமெல்லாம் எங்கோ போயிருந்தது.

"மேடம், உங்க கால் அளவு என்ன?"

"நாலுண்ணே" என்றபடி இரண்டாவது பெட்டியிலிருந்து தன் ஜோடியை எடுத்துக்கொண்டார் மேடம். "வரப்போற பொண்ணுங்களுக்கு எது சேரும்னு தெரியாதே. அதான் கடைக்காரர்கிட்ட எல்லா அளவுலயும் சொல்லி வச்சேன்."