சுருக்கினால் தெரியும் ஜன்னல்

தங்கையும் நானும் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் பேய் விளையாட்டுக்கு அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி. அதற்குள் அவள் இறந்துவிட்டாள். நான் ஒரு வீட்டை வரைந்தேன். அதன் மாடியில் வெளிச்சமுள்ள ஒரே ஜன்னல், ஜன்னலில் யாருமில்லை.

ஆன்லைன் கடையில் அட்டைப்படம் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். அதனால் எதையும் சுருக்கிப் பார்ப்பது என் வழக்கம். திரையில் படத்தைச் சுருக்கினேன். ஜன்னலில் தங்கை நின்றிருந்தாள்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்கயும் கூன் போட்டுக்கிட்டுதான் நிக்கிறா," என்றார் அம்மா. "பெருசாக்குடா, முகத்தைப் பாக்கணும்."

"பெருசாக்கினா போயிடுறாம்மா."

அம்மா கேட்கவில்லை. பெரிதாக்கினேன். வெறும் ஜன்னல்.

தள்ளி நின்றால் படம் சின்னதாகத் தெரியும் என்று அம்மா பின்னாலேயே நடந்தார். சுவரில் முதுகு முட்டியது. அதுவும் போதவில்லை போலிருக்கிறது, படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டார்.

எங்கள் மேசை மாடி ஜன்னலோரம் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். அம்மா எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, எனக்குப் பக்கத்தில் தங்கையின் காலி நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எப்போதும் போடும் அதே அதட்டலைப் போட்டார்.

"நிமிந்து உக்காருடி!"