விசேஷ முகம்

அந்த ஊரில் விசேஷத்துக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்வதற்கென்றே ஒரு சிரித்த முகம் வைத்திருப்பார்கள். நாத்தனாரின் வளைகாப்புக்காகப் பூங்கோதை தன்னுடையதை மஞ்சள் பையில் போட்டு இஸ்திரிக் கடைக்குக் கொண்டுவந்தாள். குழந்தை போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. தொட்டில் கட்டிய கொக்கி கூடத்தில் அப்படியே தொங்குகிறது.

கடைக்காரர் மாசிலாமணி முகத்தை மேசைமேல் விரித்தார். தண்ணீர் தெளிக்கப் போன கை பாதியில் நின்றது.

"ஏற்கெனவே ஈரமாத்தாம்மா இருக்கு."

"சாயங்காலம் வரைக்கும் சிரிப்பு கலையாம இருந்தாப் போதும்ணே. எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பாடே இல்ல. அவரு எல்லாத்தையும் மறந்துட்டாரு."

மாசிலாமணி இஸ்திரிப் பெட்டியை ஊதினார். சாம்பல் மெல்ல எழுந்து அலமாரிப் பக்கம் மிதந்து போனது. அங்கே, தேய்த்து அடுக்கிய முகங்களின் மேல், மோவாயில் மச்சத்தோடு அவள் கணவனின் சிரிப்பு. அவள் தினமும் பார்க்கிற அதே சிரிப்பு. எடுத்துத் திருப்பினாள். விரல்கள் நனைந்தன.

"வாரா வாரம் கொண்டாந்து குடுக்குறாரு. உள்பக்கம் மட்டும் காயவே மாட்டேங்குது" என்றார் மாசிலாமணி.

பூங்கோதை அதைத் தன்னுடையதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு, காலிப் பையோடு வீட்டுக்கு வேகமாக நடந்தாள்.