பதினேழாம் எண் முத்திரை

எங்கள் பட்டறையில் கடைசல் முடிந்த ஒவ்வொரு பாகத்திலும், செய்தவரே தன் எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். எண் இல்லாத பாகம் வண்டி ஏறாது. நவரத்தினத்தின் எண் பதினேழு. சின்ன வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். இன்னும் அகதி முகாமிலிருந்துதான் வேலைக்கு வருகிறார்.

அன்று விரல் நீளத்தில் நாற்பது எஃகுப் பின்களைக் கடைந்து முடித்துவிட்டு, "இது என்னத்துக்கு அண்ணை போகுது?" என்று மேஸ்திரியான என்னிடம் கேட்டார்.

"ஹெலிகாப்டருக்குங்க. மேலருந்து சுடுமில்லைங்க, அந்த வகை." பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒரு பின்னை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"எங்கட அம்மாவை அதுதான் சுட்டது."

"அது அந்த நாட்டுதுங்க. இது நம்முளுது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே குழப்பமாக இருந்தது. பிடிக்காவிட்டால் வேறு ஆளை எண் அடிக்கச் சொல்கிறேன் என்றேன்.

"நான் செய்ததுக்கு மற்றவன்ர நம்பரோ? வேண்டாம்."

முத்திரை உளியைப் பின்னின் தலையில் வைத்தார். சுத்தியலை ஓங்கியவர் அப்படியே நின்றார்.

"அண்ணை, இது உடைஞ்சா ஆரைக் கேப்பினம்?"

"பதினேழாம் நம்பரைத்தானுங்க. உங்களைத்தான்."

"உடையாம நல்லா வேலை செய்தா?"